பேனாவில் பறந்த இரவுகள்

முடியாது சார் என்று சொல்லியிருக்கலாம். ரெண்டே ரெண்டு வார்த்தை. மதுரையில் சக்கரம் தரையை விட்டு எழும்பி ஆறு நிமிஷம் ஆகிறது, எபநேசர் இன்னும் அந்த ரெண்டு வார்த்தையைத்தான் மென்றுகொண்டிருந்தான். பல்லிடுக்கில் டார்ச் லைட். அதன் முகத்தில் மிட்டாய்க் கடைச் சிவப்புக் காகிதம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகும், சிவப்பு பட்டால் கெடாது என்று ஆறு வருஷமாக வகுப்பில் பாடம் நடத்துகிறவன் அவன்தான். நடத்தியவன் இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கட்டிப் பார்க்கிறான். ரெண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, தண்ணீர் பாட்டில் ஒன்று பெல்ட் போட்டுக்கொண்டு கிடக்கிறது. காலையில் பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்று சொன்ன, விமானத்துக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வேலையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு முடித்துக் கொடுத்தான் மெக்கானிக். ஆறே காலுக்கு சீஃப் இன்ஸ்ட்ரக்டர் வைத்தியலிங்கம் போன். காலையில் எட்டு மணிக்கு இன்ஸ்பெக்ஷன், விமானம் செவல்மடைப் பயிற்சிப் பள்ளி ஷெட்டில் நிற்க வேண்டும், அனுமதியெல்லாம் பேசியாயிற்று, ராத்திரியே கொண்டுவந்துவிடு என்றார். எபநேசர் ஒரு நொடி சும்மா இருந்தான். அந்த ஒரு நொடியில்தான் அவர் அதைச் சொன்னார். “உன் புக்ல நாப்பத்தோரு மணி நேரம் ராத்திரி இருக்கே எபி, உனக்கு என்னப்பா.” இருக்கே. அந்த இருக்கே என்பதை எப்படிச் சொன்னார்? சாதாரணமாகச் சொன்னாரா, தெரிந்துகொண்டு சொன்னாரா? கடைசி எழுத்தை இழுத்தாரா இல்லையா? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும். சரி சார் என்று சொல்லிவிட்டான். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் அந்த நாற்பத்தோரு மணியில் முப்பத்து நான்கு மணி பேனா பறந்தது சார், நான் பறக்கவில்லை என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்வதைவிட இந்த இருட்டுக்குள் வருவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய விஷயம். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளி, பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது, இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறதாம். மூன்று விமானத்தில் ரெண்டு படுத்துவிட்டன, மூன்றாவதற்கு மூடுபனி. கோர்ஸ் முடிய மூன்று வாரம். அவனும் தங்கபாண்டியனும் ஒரே அறை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் கிளார்க் வந்து பறந்த நேரம் எழுதும் புத்தகங்களை மெத்தைமேல் போட்டுவிட்டுப் போனான், பேனாவும் அவனே கொடுத்தான். பறக்காத ராத்திரியைப் பறந்ததாக எல்லாரும் எழுதினார்கள். எழுதாதவனை லூசு மாதிரிப் பார்த்தார்கள். முதல் வரி எழுதும்போது எபநேசருக்குக் கை நடுங்கியது. ரெண்டாவது வரியில் நின்றுவிட்டது. நாலாவது வரியில் ரசனையே வந்துவிட்டது. ஒரே மாதிரி எழுதாத மாப்ள, சந்தேகம் வரும், ஒரு நாளைக்குக் காத்து பலமா அடிக்கட்டும் என்பான் தங்கபாண்டியன். சரி, பன்னிரண்டாம் தேதி காற்று பலமாக அடித்தது. பதினைந்தாம் தேதி நிலா வெளிச்சம், காற்று மிதம், தரையிறக்கம் நான்கு. அந்தப் பதினைந்தாம் தேதி ராத்திரி ரெண்டு பேரும் செகண்ட் ஷோ சினிமாவில் இருந்தார்கள், திரும்பி வரும்போது நாய் துரத்தி எபநேசரின் ஒரு செருப்பு போய்விட்டது. நிஜமாகப் பறந்தது ஏழு மணி நேரம். அதுவும் மின்சார விளக்கு வரிசையாக எரிகிற பெரிய ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி, பக்கத்தில் வாத்தியார் உட்கார்ந்திருக்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அம்மா சொல்வாள். ஏன் உதவாது? வேலை வாங்கிக் கொடுத்தது. செவல்மடையில் பயிற்சியெல்லாம் பகலோடு சரி, ராத்திரிப் பாடம் கரும்பலகையோடு சரி. அந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டுமென்றபோது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எபியிடம்தான் கொடுத்தார்கள். நைட் ஸ்பெஷலிஸ்ட் என்று பேர். சிரிக்காமல் ஆறு வருஷம் அந்தப் பேரை வைத்துக்கொண்டிருந்தான்.

கீழே நான்குவழிச் சாலை. அதை விட்டு விலகாமல் தெற்கே போனால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, அதைத் தாண்டி இடதுபுறம் செவல்மடை. நாற்பது நிமிஷம், குழந்தைகூடப் போகும், சாலையைத்தான் பிடித்திருக்கிறாயே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூவாயிரம் அடி. பகலில் இந்த உயரத்தில் கரிசல் காட்டுச் சூடு விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், சாப்பிட்டது தொண்டைக்கு வரும், மாணவர்கள் பாலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். இப்போது ஓர் ஆட்டம் இல்லை. கையை எடுத்துப் பார்த்தான். விமானம் தன்பாட்டுக்குப் போனது. இஞ்சின் சத்தம்கூட வேறு மாதிரி, அடங்கி ஒரே சீராக. விருதுநகர் தாண்டியதும் வலதுபுறம் ஏதோ ஒரு சின்ன ஊரில் கோயில் கொடை. சுற்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாத காட்டுக்கு நடுவில் அந்த ஒரு தெரு மட்டும் பச்சையும் சிவப்புமாகச் சீரியல் செட் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேளம் அடிப்பார்கள், வெடி போடுவார்கள், ஒன்றும் மேலே கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு ரயில். ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் ஊர்ந்து போயிற்று. அதில் யாரோ ஒருத்தி பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருப்பாள். ஒருத்தன் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு பெண்டாட்டியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பான். தலைக்கு மேல் அமாவாசை வானம், தரையில் ஒருநாளும் பார்க்க முடியாத அளவுக்கு நட்சத்திரம். எபநேசருக்குத் திடீரென்று என்னவோ பண்ணியது. சந்தோஷம்தான் அது, வேறொன்றும் இல்லை. டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு அடப்பாவி என்று சத்தமாகச் சொன்னான். யாரை என்று தெரியவில்லை. உடனே தெரிந்தது. இதுவா? இதையா எழுதித் தள்ளினோம்? முப்பத்து நான்கு மணி நேரம் இது அவனுக்காகக் காத்திருந்திருக்கிறது, அவன் கட்டிலில் உட்கார்ந்து இஸ்பேட் ராஜாவை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அரசாங்கத்தை ஏமாற்றினோம் என்றுதான் பன்னிரண்டு வருஷமாக நினைத்து அவ்வப்போது கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தான். ஏமாந்தது யார் என்று இன்றைக்கு, முப்பத்தாறாவது வயதில், விருதுநகருக்குத் தெற்கே தெரிந்தது.

சந்தோஷத்துக்கு ஆயுசு பத்து நிமிஷம். சாத்தூர் வெளிச்சம் பின்னால் போனதும் இஞ்சின் ஒரு தடவை விக்கியது. விக்கியதா? காதைத் தீட்டினான். இல்லை. இருந்தது. இல்லை. ராத்திரியானால் எல்லா இஞ்சினும் விக்கும், காதுதான் அப்படிக் கேட்கும், பயப்படாதீர்கள் என்று வகுப்பில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பான். அந்த வாயில் மண்ணைப் போட. ஆயில் முள் பச்சைக்குள்தான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. எரியாமல் இருப்பது நல்லதா, பல்பு போய்விட்டதா? அந்த மெக்கானிக் பல்பைப் பார்த்தானா? கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பகலில் நின்றுபோனால் கீழே ஏதாவது உழுத நிலம், தரிசு, ரோடு என்று பார்த்து இறக்கிவிடலாம், எலும்பு முறிந்தாலும் உயிர் தங்கும். இப்போது கீழே என்ன இருக்கிறது? கரிசல் பகலிலேயே கருப்பு. கிணறு இருக்கும், கருவேலங்காடு இருக்கும், உயர் அழுத்த மின்கம்பி இருக்கும், எல்லாம் ஒரே கருப்பாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அம்மா இந்நேரம் சாப்பிட்டுவிட்டுப் பைபிளில் சங்கீதம் வாசித்துக்கொண்டிருப்பாள், மகன் மதுரையில் லாட்ஜில் படுத்திருக்கிறான் என்று நினைப்பு. தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன, நூறா இருநூறா தெரியாது, எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. அந்த வரிசைக்குச் சமமாக இறக்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வந்தான், நிம்மதியாக இருந்தது. தற்செயலாக டார்ச்சைச் சாய்வு காட்டும் மீட்டர்மேல் அடித்தான். விமானம் இடதுபக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. சாலையைக் காணோம். அந்த விளக்கு வரிசை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற வரிசை, சமதரை இல்லை. நேராகத்தான் இருக்கிறோம் என்று உடம்பு சத்தியம் பண்ணுகிறது, இல்லை என்கிறது முள். கண்ணை நம்பாதே, முள்ளை நம்பு. எத்தனை தடவை சாக்பீஸால் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். அடிக்கோடு போடுகிற கைக்கு இப்போது முள் சொல்கிறபடி திருப்ப மனசு வரவில்லை. திருப்பினால் வலதுபக்கம் கவிழ்வது போலவே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். முள் நேரானது, உடம்பு மட்டும் இன்னும் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது. ரெண்டு நிமிஷம் கழித்து வலதுபுறம் சாலை கிடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

செவல்மடையில் மின்சார விளக்கு கிடையாது, யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை. இப்போது இங்கேயும் கூடவே வேலை பார்க்கும் தங்கபாண்டியன் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி வைத்திருந்தான், பக்கத்துக்குப் பன்னிரண்டு, வாத்துக் கழுத்து மாதிரி மூக்கு நீண்ட தகர விளக்குகள். மேலேயிருந்து பார்க்கையில் ரெண்டு வரிசை மஞ்சள் புள்ளி, சுற்றிலும் ஒன்றுமில்லை. வந்துட்டியா மாப்ள, காத்து இல்லை, தெற்குப் பார்க்க இறங்கு என்றான் ரேடியோவில், வாயில் எதையோ மென்றுகொண்டு. தெற்குப் பார்க்க இறங்குவதென்றால் பெரியகுளத்துக்கு மேலே வரவேண்டும். ஒரு மைல் அகலக் குளம், தண்ணீரும் கருப்பு, கரையும் கருப்பு, கரைமேல் பனைகள். இதற்கும் பாடம் உண்டு. இடையில் வெளிச்சம் இல்லாத இருட்டின்மேல் இறங்கும்போது உயரமாக இருக்கிறோம் என்று கண் பொய் சொல்லும், சொன்னதைக் கேட்டு இன்னும் இறக்குவோம், தரை முட்டும். கரும்பலகையில் அந்தப் படத்தை எபநேசர் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். பனைமரத்தைக்கூட வரைவான், மாணவர்கள் ரசிப்பார்கள். இப்போது கண் சொன்னது, உயரம், ரொம்ப உயரம், குறை. விசையைக் குறைத்தான். விளக்குகள் அசையாமல் அப்படியே நின்றன. இன்னும் குறைத்தான். படத்தில் வரும் முட்டாள் வேறு யாரோ என்றே நினைப்பு. அப்போது இந்தக் கடைசியில் இருந்த ரெண்டு விளக்கு அணைந்தது. சனியன், எண்ணெயை ஒழுங்காக ஊற்றவில்லை பார் என்று தங்கபாண்டியன்மேல் கோபம் வந்தது. இன்னும் ரெண்டு அணைந்தது. நாலும் ஜோடி ஜோடியாகவா அணையும்? காற்றே இல்லை என்றானே. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் அவன் மண்டையில் ஒன்றுமே ஓடவில்லை. அப்புறம்தான் புரிந்தது. விளக்கு அணையவில்லை. விளக்குக்கும் அவனுக்கும் நடுவில் கரை வந்து நிற்கிறது. விசையை முழுக்கத் தள்ளினான், மூக்கைத் தூக்கினான், விமானம் யோசித்தது, அது யோசிக்கிற நேரத்துக்குள் முன்விளக்கு வெளிச்சத்தில் ஒரு பனைமரத்தின் தலை தெரிந்தது. காய்ந்த ஓலை, நடுவில் பச்சை, ஒரு குலை நுங்குகூடத் தெரிந்தது. சக்கரத்துக்கு அடியில் சரசரவென்று ஏதோ உரசிப் போயிற்று. அம்மா என்றுகூட வாயில் வரவில்லை. நிலா வெளிச்சம், காற்று மிதம், தரையிறக்கம் நான்கு என்று வந்தது.

ரெண்டாவது தடவை வெளியே பார்க்கவே இல்லை, உயரம் காட்டும் முள்ளை மட்டும் பார்த்து, இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு அடி என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். கண் என்ன சொன்னாலும் கேட்கவில்லை. குளம் போயிற்று, கரை போயிற்று, பன்னிரண்டு ஜோடியும் கடைசிவரை எரிந்தன. சக்கரம் தரையில் பட்டுத் துள்ளி மறுபடி பட்டது. அழகான தரையிறக்கம் இல்லை, மாணவன் யாராவது இப்படி இறக்கியிருந்தால் காது கிழியத் திட்டியிருப்பான். இஞ்சினை அணைத்த பிறகும் இறங்கவில்லை. சாவிகள் தொடைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, கை ஆடுகிற ஆட்டம் அப்படி. மணி பார்த்தான். நாற்பத்தெட்டு நிமிஷம். நான் பறந்தது, நான் மட்டும் பறந்தது, யாரும் கொடுத்த பேனா இல்லை என்று நினைத்தபோது அழுகையும் கர்வமும் சேர்ந்து வந்தன. உண்மையாகவே ஒரு பைலட்தான் போலிருக்கிறது என்று பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தோன்றியது. இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். ஒரு நார் ஓலை சிக்கியிருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆபீஸில் தங்கபாண்டியன் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கை முழுக்க மண்ணெண்ணெய் வாடையோடு. ஒரு சுத்து கூடச் சுத்துனியே என்ன என்று கேட்டான். சும்மா என்றான் எபநேசர். மேஜைமேல் ரெண்டு புத்தகம் விரித்து வைத்திருந்தது, ஒன்று இவனுடையது, ஒன்று அவனுடையது. அவனுடையதில் இன்றைய தேதி போட்டு வரி நிரம்பியிருந்தது. மதுரை, செவல்மடை, இரவு, ஒன்றே கால் மணி நேரம், உடன் பறந்தவர் எபநேசர். எபநேசர் அதை ரெண்டு தடவை படித்தான். எனக்கும் ராத்திரி மணி கொஞ்சம் குறையுதுல்ல, சீஃபுக்கும் தெரியும், ரெண்டு பேரா வந்ததுன்னாத்தான் காகிதத்துக்கும் நல்லதுன்னு அவரே சொன்னாரு என்று தங்கபாண்டியன் குருமாவைத் தொட்டுக்கொண்டே சொன்னான். அப்படியென்றால் அந்த இருக்கே. தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார். எபநேசருக்கு அது இப்போது பெரிதாகப் படவில்லை.

“எப்பல எழுதின?”

“நீ மதுரையில கிளம்புறேன்னு போன் போட்டேல்ல, அப்பவே.”

“குளத்தங்கரையில நான் விழுந்திருந்தா?”

தங்கபாண்டியன் மென்றதை விழுங்கினான். எபநேசரின் முகத்தையும் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஓலையையும் பார்த்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது, பன்னிரண்டு வருஷச் சினேகிதன் இல்லையா. “அப்படிப் பாத்தா நானும்தாண்டா செத்திருப்பேன்,” என்றான், சிரிப்பதற்கு முயற்சி பண்ணி. எபநேசர் உட்கார்ந்தான். நாற்பத்தெட்டு நிமிஷம், தனியாக, அதைத்தான் எழுதப்போகிறேன் என்றான். தங்கபாண்டியன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். காலையில் இன்ஸ்பெக்டர் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார், ஒன்றில் தனி என்றும் ஒன்றில் கூட என்றும் இருந்தால் இந்த ஒரு வரியோடு நிறுத்துவாரா, பின்னால் புரட்டமாட்டாரா, புரட்டினால் அந்த மூடுபனி மாசம் வராதா என்று பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான்.

எபநேசர் பழைய பக்கங்களைப் புரட்டினான். முப்பத்து நான்கு மணியும் அங்கங்கே இருந்தன, சினிமாவுக்குப் போன ராத்திரியும் இருந்தது, நல்ல கையெழுத்து. இன்றைக்கு எதை எழுதினாலும் அதுவும் இந்த வரிகளுக்குக் கீழேதான், இதே நீல மையில்தான் உட்காரும். கொடை நடந்த ஊரும் அந்த ரயிலும் பனைமரமும் இதில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. நாளைக்கு யாராவது இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, இதில் எது நிஜம் என்று கேட்டால் அவனாலேயே காட்ட முடியாது. ஓலையைக் காட்டலாம். தேதி போட்டான். மதுரை, செவல்மடை என்று எழுதினான். இரவு. ஒன்றே கால் மணி நேரம். உடன் பறந்தவர் தங்கபாண்டியன். குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் யோசிக்காமலே நிலா வெளிச்சம், காற்று மிதம் என்று எழுதிவிட்டு, இன்றைக்கு அமாவாசை என்று ஞாபகம் வந்து, நிலா வெளிச்சத்தை மட்டும் அடித்தான். குளத்தங்கரையிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்த கை பேனாவைப் பிடித்ததும் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தான்.